படகை இறக்காதே

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான், உன் அத்தான், அம்மா மூவரும் சுகம். அம்மாவின் முழங்காலில் வலி மட்டும் காலி செய்ய மாட்டேன் என்று குடியிருக்கிறது. உன் உடம்பைப் பற்றி நீ எழுதுவதே இல்லை. 'நலம்' என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக நாங்கள் காலம் தள்ளுகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் படகு அடிபட்டுவிட்டது. அக்கரைத் துறையில் புதுப் படிக்கட்டு கட்டுகிறார்கள். தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த கம்பி என் கண்ணில் படவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பதினொரு பேரும் ஒரு டீச்சரும் ஏறியிருந்தார்கள். சர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் என் காலடியில் தண்ணீர். பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததை வாயில் அடைத்துக்கொண்டு, டப்பாவால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார்கள். அழுதது டீச்சர் மட்டும்தான். எல்லோரும் நல்லபடியாகக் கரை சேர்ந்தோம்.

படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். முன்பக்கம் அடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். இங்கே ஃபைபர் படகு பார்க்கிற ஒரே ஆள் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். மே மாதம் பதினைந்தாம் தேதி வருஷச் சோதனை. அதில் தேறாவிட்டால் ஓட்டுகிற அனுமதி ரத்தாகும், துறை வேறு கைக்குப் போய்விடும். எட்டு வருஷமாக நான் ஓட்டுகிற துறை இது. இப்போதைக்கு ஒரு துடுப்புப் படகை இரவல் வாங்கிச் சவாரி போடுகிறேன். தோள்பட்டை கழன்று தனியாக வந்துவிடும் போலிருக்கிறது.

அதனால் நானே பழுது பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டேன். உன் அத்தான், "புத்தகம்னா நான் ஒட்டித் தரேன், படகெல்லாம் என் கடையில பைண்டு பண்ண முடியாது"ன்னு கையை விரித்துவிட்டார். உனக்கென்ன, நாள் முழுக்கப் படகுப் பட்டறையில் நிற்கிறவன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைய வேண்டும்? எப்படிச் செய்ய வேண்டுமென்று ஒன்று விடாமல் எழுது.

அம்மா தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னாள். "எம் மகன் படகு எஞ்சினீயர், அவன் ஒரு கடுதாசி போட்டா போதும்"னு துறையில் நிற்கிற எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லோரும் அங்கே நலமென்று அறிந்து மகிழ்ச்சி. பிள்ளைகளை நினைத்தால் சிரிப்பு வந்தது.

நீ பயந்துவிட்டாய் போலிருக்கிறது. இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. இங்கே தினமும் பத்து விரிசல் பார்க்கிறோம். விரிசலின் மேல் உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய். ரெசின் பசையில், அதை இறுகவைக்கிற ஹார்டனரைக் கலந்துகொள். ஃபைபர் மேட் என்கிற நார்த்துணியை அதில் நனைத்து விரிசலின் மேல் இரண்டு அடுக்கு ஒட்டு. காய்ந்ததும் பெயின்ட் அடி. அவ்வளவுதான். உங்கள் பக்கம் வெயில் அதிகம், அதனால் ஹார்டனரைத் தாராளமாகவே ஊற்று. வெயிலுக்கு அது சீக்கிரம் செத்துவிடும்.

பட்டறையில் தலைக்கு மேல் வேலை. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 10

அன்பு மாப்பிள்ளைக்கு உன் அத்தான் எழுதுவது.

நலமா? நாங்கள் நலம் என்றுதான் எழுதச் சொல்லி உத்தரவு. ஆனால் இதை வீட்டில் எழுதவில்லை, கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அக்கா நீ சொன்னபடியே செய்தாள். ஒரு டப்பா நிறைய ரெசினை ஊற்றி, தாராளமாக ஹார்டனரையும் ஊற்றிக் கலக்கினாள். இரண்டு நிமிஷத்தில் டப்பா புகைய ஆரம்பித்தது. "என்னங்க, கொதிக்குதுங்க!" என்றாள். "கீழ போடு!" என்று கத்தினேன். அது போட்டுவிடக்கூடிய பொருளா, உன் அக்காதான் போட்டுவிடக்கூடிய ஆளா? தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் ஓடினாள். பிளாஸ்டிக் டப்பா உருகி, வலது கை மூன்று விரலிலும் உள்ளங்கையிலும் ஒட்டிக்கொண்டது. டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். ஆறிவிடும், பயப்படாதே. இன்னும் மூன்று வாரம் பேனா பிடிக்க முடியாது, துடுப்பும் பிடிக்க முடியாது.

"தம்பிக்கு எழுதாதீங்க. நான் அளவு தெரியாம கலந்துட்டேன், அவன் மேல தப்பில்ல. அவன் தன்னால ஆச்சுன்னு கெடந்து தவிப்பான்" என்று சொன்னாள். எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். அவள் சொல்லை நான் மீறுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஒட்டுகிற தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். வெயிலில் என் பசை சீக்கிரம் இறுகும். ரெசினுக்கு மட்டும் நேர்மாறாக இருக்குமா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

பதிலைக் கடை முகவரிக்குப் போடு.

உன் நலம் நாடும்,
அத்தான்


பிப்ரவரி 25

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

அக்காவின் கை எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுதுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தான், இதை அக்காவிடம் காட்டாதீர்கள். நான் படகுப் பட்டறையில் வேலை செய்யவில்லை. துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவுகிறேன். நான் வேலைக்கென்று வந்த பட்டறை, நான் வந்து இறங்கிய வாரமே மூடிவிட்டது. வேறு பட்டறை கிடைக்கும்வரை ஒரு வாரம் ஓட்டலில் நிற்போமென்று சேர்ந்தேன். அந்த ஒரு வாரம்தான் மூன்று வருஷமாகிவிட்டது. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். அதற்குள் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டதாக அக்கா எழுதினாள். அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

நான் கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் எதிர்ப் பட்டறை தெரியும். படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஜன்னல் அளவுதான். அங்கே பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்துத்தான் அக்காவுக்கு எழுதினேன். உங்கள் சந்தேகம் சரி. வெயிலுக்கு ஹார்டனரைக் குறைக்க வேண்டும். நான் நேர்மாறாகச் சொல்லி அவள் கையைச் சுட்டுவிட்டேன்.

இதைத் தெரிந்துகொள்ள, கடிதம் வந்த அடுத்த திங்கட்கிழமை, என் விடுமுறை நாளில், எதிர்ப் பட்டறைக்குப் போனேன். பட்டறை ஒரு பொம்பளையுடையது. என் வயதுதான் இருக்கும். எந்த நேரமும் கையில் எண்பதாம் நம்பர் உப்புத்தாளோடு நிற்பதால் ஓட்டலில் அவளுக்கு 'எண்பது' என்றே பெயர். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "ஒரு கேள்விக்கு ஒரு நாள் தேய்ப்பு" என்றாள். அதாவது ஒரு பதில் வேண்டுமென்றால் நாள் முழுக்க ஒரு படகின் அடியைத் தேய்க்க வேண்டும். தேய்த்தேன். ஹார்டனர் அளவைக் கேட்டேன். அக்காவுக்குத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பட்டறையில் கூட வேலை செய்கிறவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறேன். அதையும் பொய்யென்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியிராவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உங்கள்
மைத்துனன்

(தனித்தாள்)

அக்கா, இது பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சொன்னது. ஒரு டம்ளர் ரெசினுக்கு இரண்டு மில்லி ஹார்டனர் போதும். மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கி அளந்து ஊற்று. ஒரு தடவைக்கு ஒரு டம்ளருக்கு மேல் கலக்காதே. கலக்கியதை டப்பாவிலேயே வைத்திருந்தால் சூடேறும், உடனே ஒரு தட்டையான தட்டில் பரப்பிவிடு. நிழலில் செய். கையுறை போடு. கையுறை போடு. இரண்டு தடவை எழுதியது கவனப் பிழையில்லை.


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்காதான், என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், வேலை மும்முரத்தில் கை அசந்துவிட்டது. மற்றபடி சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் தனித்தாள் கிடைத்தது. இரண்டு மில்லி என்றால் இரண்டு மில்லிதான். உன் அத்தான் சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நர்ஸ் தோற்றுப்போகிற மாதிரி அளந்து கொடுத்தார். விரிசலின் மேல் நீ ஜனவரியில் சொன்னபடியே தேய்த்து, இரண்டு அடுக்குக்கு மூன்றாக மேட் ஒட்டி, நீலப் பெயின்ட் அடித்துவிட்டேன். கல் மாதிரி இறுகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம், "யாரு செஞ்சது?" என்கிறார்கள். "என் தம்பி கடுதாசியில செஞ்சான்" என்கிறேன்.

எஞ்சினுக்கும் அதே நீலம் அடித்துவிட்டேன். அடியில் ஒரு சாம்பல் நிறக் கட்டி திருகியிருக்குமே, அது அரித்துப்போய் அசிங்கமாக இருந்தது. அதற்கும் இரண்டு கோட்.

ஒரே ஒரு சின்ன விஷயம். மத்தியான வெயிலில் ஒட்டின இடத்தில் பெயின்ட் ஒரு காசு அளவுக்கு உப்பியது. குத்தினேன், ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்துவிட்டேன். பெயின்ட் கோளாறு என்று நினைக்கிறேன்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது? அவ்வளவு வேலைக்கு நடுவில் எனக்காக உட்கார்ந்து எழுதுகிறாய். நீ இல்லாவிட்டால் துறையை விட்டுக்கொடுத்துவிட்டு இந்நேரம் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அந்த ஒரு சொட்டுத் தண்ணீர் சின்ன விஷயமில்லை. இங்கே விசாரித்தேன். ஒட்டின இடத்தையும் அதைச் சுற்றியும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார். கணீரென்று கேட்டால் நல்லது. தொப்பென்று கேட்டால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. அப்படியானால் ஒட்டைப் பிரித்துவிட வேண்டும். விரிசலைத் திறந்து, இரு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, எலும்பு மாதிரி காயவிட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி வெயிலில் விடு. தாளின் உள்பக்கம் வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அந்தச் சாம்பல் நிறக் கட்டியின் பெயின்ட்டை உடனே சுரண்டிவிடு. அது அரித்துப்போவதற்காகவே வைத்த கட்டி. அதை மூடினால் உப்புத்தண்ணீர் எஞ்சினையே தின்னும்.

ஜனவரியில் நான் சொன்னது பழைய முறை. இப்போது முறை மாறிவிட்டது. தயவுசெய்து தட்டிப் பார்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. ஜனவரியில் மேலேயே ஒட்டு என்றாய், ஏப்ரலில் பிரி என்கிறாய். மூன்று மாதத்தில் உலகமே முறை மாறிவிட்டதா? கட்டியின் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டேன், அதற்கு நன்றி. ஒட்டின இடத்தில் கை வைக்க மாட்டேன். தட்டவும் மாட்டேன். கை வெந்து செய்த வேலை அது. ஆமாம், வெந்தது, மறைத்தேன். போகட்டும்.

தோள் இதற்கு மேல் தாங்காது. ஏப்ரல் 29 காலை, முதல் சவாரிக்கே படகை இறக்குகிறேன். அதே பதினொரு பிள்ளைகளும் நாங்கள்தான் முதலில் ஏறுவோம் என்று பேர் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா

(மடிப்பின் ஓரத்தில், வேறு கையெழுத்தில்)
மாப்பிள்ளை, தபாலில் போடக் கொடுத்தாள், பிரித்து எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாமல் தட்டிப் பார்த்தேன். தொப் தொப் என்கிறது. பிரித்துவிடலாம் என்று சொல்லியும் பார்த்தேன். "தண்ணியில கால் வெக்காதவரு படகப் பத்திப் பேசக் கூடாது" என்கிறாள். அவள் நம்புவது உன் பேச்சை மட்டும்தான். அந்த ஜனவரிப் பேச்சையும் சேர்த்து நம்புகிறாள். இனி நீதான் சொல்ல வேண்டும். எதைச் சொல்ல வேண்டுமென்று உனக்குத் தெரியும்.


தந்தி, ஏப்ரல் 28

படகை இறக்காதே. கடிதம் வருகிறது. தம்பி.


ஏப்ரல் 28

அக்கா,

தந்தி உனக்குச் சமயத்தில் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காமல் போயிருந்தால் என்று யோசிக்கவே எனக்குத் தைரியமில்லை. உன் நலம் விசாரிக்கக்கூட இன்று வாய் இல்லை.

நான் படகு வேலை செய்கிறவன் இல்லை. ஒரு நாளும் செய்ததில்லை. ஓட்டலில் தட்டுக் கழுவுகிறேன், மூன்று வருஷமாக. முறை ஒன்றும் மாறவில்லை. ஜனவரியில் நான் எழுதியது எந்த முறையும் இல்லை, வாய்க்கு வந்தது. உன் கை வெந்தது என்னால். அதை அத்தான் பிப்ரவரியிலேயே எழுதிவிட்டார், அவரிடம் உண்மையையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் மறைக்கச் சொன்னதும் நான்தான். அவரைத் திட்டாதே.

அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் எதிர்ப் பட்டறைக்காரி சொன்னது. ஒரு கேள்விக்கு ஒரு நாள் அவள் படகுகளைத் தேய்க்கிறேன். பிப்ரவரியில் ஒரு நாள் தேய்த்ததற்கு ஹார்டனரைப் பற்றி மட்டும் கேட்டேன். விரிசலைத் திறக்க வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, கேட்காததை அவள் சொல்லவில்லை. நான் உன்னிடம் சொல்லியிருந்த மிச்சமும் சரிதான் என்று நானே நம்பிவிட்டேன். என் பொய்யை நானே நம்பினேன், அக்கா.

நேற்று உன் கடிதம் வந்ததும் வேலையைப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். எல்லாக் கடிதத்தையும் காட்டினேன். அவள் சொன்னது இது: உன்னுடையது மாதிரி ஃபைபர் படகின் அடியில் நீளவாட்டில் ஒரு மரச்சட்டம் உள்ளே ஓடுகிறது, மேலே ஃபைபர் போர்த்தியிருக்கிறது. விரிசல் வழியே போன தண்ணீரை அந்த மரம் குடித்திருக்கிறது. நாம் மேலே மூடிவிட்டோம். மரம் உள்ளேயே அழுகும். பாரம் ஏற்றி வேகம் எடுத்தால் அந்த இடம் மடங்கும்.

பிரி. அழுகிய மரத்தை, நல்ல மரம் தெரிகிறவரை வெட்டி எடு. புதுத் துண்டு வைத்துப் போர்த்து. ஒவ்வொரு படியும் அடுத்த ஆறு பக்கத்தில் இருக்கிறது. ஒரு வரிகூட என்னுடையது இல்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினேன். இதற்குக் கூலியாக ஆறு திங்கட்கிழமை தேய்க்க வேண்டும்.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. என்னால் முடியாது.

தம்பி


மே 12

அன்பு மாப்பிள்ளைக்கு,

உடல் நலம். மன நலம் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

29 காலை படகை உருளைக் கட்டைகளின் மேல் ஏற்றியாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். தந்திக்காரர் சைக்கிளில் வந்தார். தந்தி என்றதும் அம்மா கரையிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டாள். உன் அக்கா படித்தாள். மறுபடியும் படித்தாள். "யாரும் ஏற வேண்டாம், இன்னிக்கும் துடுப்புப் படகுதான்" என்றாள். அவ்வளவுதான், ஒரு கேள்வி இல்லை.

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. படித்துவிட்டு, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "மறைச்சது ரெண்டு பேரு. ஒருத்தன் எட்டாத தூரத்துல இருக்கான். நீங்க பக்கத்துல இருக்கீங்க" என்று கடைசியாகச் சொன்னாள். இப்போது 'உப்பு' என்றால் உப்பை நகர்த்துகிறேன்.

சோதனை அதிகாரியிடம் போய் நின்றாள். ஜூன் பத்து வரை தள்ளிக் கொடுத்திருக்கிறார். நேற்று ஃபைபர் அறுக்கிற கிரைண்டர் வைத்துப் பிரித்தோம். முதல் கீறலிலேயே தண்ணீர் வழிந்தது. மரம் கறுத்துப்போய், கரண்டியால் அள்ளுகிற பதத்தில் இருந்தது. உன் அக்கா அதில் ஒரு கையளவு எடுத்துப் பார்த்தாள். பிறகு உன் ஆறு பக்கத்தையும் என்னிடம் நீட்டி, "படிங்க" என்றாள். பேசிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். படிக்கத்தான் சொன்னாளாம்.

மாப்பிள்ளை, நீ சொல்லிவிட்டாய். நான் உன்னிடம் சொல்ல நினைத்ததும் அதுதான். நன்றி.

அத்தான்


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை இந்தத் தடவை விவரமாக எழுது. தட்டுக் கழுவுகிற கைக்குச் சோப்பு ஒத்துக்கொள்கிறதா, புண் வருகிறதா, சாப்பாடு அங்கேயே போடுகிறார்களா, இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆறு வாரமாக எழுதாததற்குக் காரணம் கோபம்தான். உனக்குத்தான் வாய் வரவில்லை, எனக்கு நிறைய வந்தது, எழுதிக் கிழித்தேன். நீ தட்டுக் கழுவுகிறாய் என்பதில் எனக்கு என்ன கோபம்? நான் எட்டு வருஷமாகப் படகிலிருந்து பிள்ளைகளின் வாந்தியைக் கழுவுகிறேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னாயே, அதுவும் பிள்ளைகள் ஏறுகிற படகுக்கு, அதில்தான் கோபம். அதைச் சொல்லிவிட்டேன், இனி சொல்ல மாட்டேன்.

புது மரத்துக்குப் பன்னிரண்டு நாள் வெயில் காட்டினோம். பிளாஸ்டிக் தாள் முதல் ஐந்து நாளும் வியர்த்தது. ஆறாம் நாள் பாதி. எட்டாம் நாளிலிருந்து காய்ந்தே இருந்தது, ஆனாலும் உன் ஆறு பக்கத்தில் பன்னிரண்டு என்று இருந்ததால் பன்னிரண்டு. மேட் ஒட்டும்போது காற்றுக் குமிழி இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தாயே, அதற்கு உன் அத்தானை விட்டால் ஆளில்லை. அட்டையில் தாளை ஒட்டுகிற கை. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, ஒரு குமிழி இல்லாமல் ஐந்து அடுக்கு ஒட்டினார். அன்றைக்குத்தான் அவரோடு பேசினேன். பாவம், முப்பது நாள் கத்தரிக்கப்பட்ட வாய்.

சோதனைக்கு முழுப் பாரம் ஏற்றிக் காட்ட வேண்டும் என்றார் அதிகாரி. ஓர் ஆள் குறைந்தது. உன் அத்தான் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஏறி உட்கார்ந்தார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. திரும்பி வந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. படகின் அடி பொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தது. அதிகாரி திருப்புளியின் பிடியால் நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போனார். கணீர் கணீரென்று கேட்டது. கையெழுத்துப் போட்டார்.

தம்பி, ஒன்றை நேராகவே சொல்கிறேன். நீ பேசாமல் இருந்திருக்கலாம். படகு மடங்கியிருந்தால் 'அக்கா கலக்கியதில் கோளாறு' என்று போயிருக்கும், உன் பெயர் அப்படியே நின்றிருக்கும். நீ தந்தி கொடுத்தாய். அந்தப் பதினொரு பிள்ளைகளும் தினமும் காலையில் என் முன்னால் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கிற ஒவ்வொரு நாளும் உன்னை நினைத்துக்கொள்கிறேன். நன்றி என்ற வார்த்தை அதற்குப் போதவில்லை, வேறு வார்த்தையும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அன்னிக்குப் படகை இறக்காதேன்னு தந்தி அடிச்சது யாரு?" என்று கேட்டாள். "தம்பிதான்" என்றேன். "அப்ப அவன் படகு பாக்குறவன்தானே. நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று எழுந்து போய்விட்டாள். நேற்றும் துறையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது அதைக் குளிரவைத்த தண்ணீர் பக்கத்துத் துளையிலிருந்து ஒரு விரல் கனத்துக்குப் பீய்ச்சும் இல்லையா? இரண்டு நாளாக நூல் மாதிரி மெலிந்து வருகிறது. வேறு கோளாறு தெரியவில்லை, வேகமும் குறையவில்லை. அப்படியே ஓட்டலாமா?

அன்புடன்,
அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று இத்தனை நாள் எழுதியதையெல்லாம் தள்ளிவிடு. இன்றுதான் நலம். கையில் சோப்புப் புண் இருக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்குகிறது. மத்தியானச் சாப்பாடு ஓட்டலில், இரவு நானே சமைக்கிறேன். முதுகு வலி உண்டு.

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். அழுதுவிட்டேன். ஓட்டலில் நாங்கள் 'எண்பது' என்று சொல்கிற அந்தப் பட்டறைக்காரி பார்த்துவிட்டு, "முங்கிடுச்சா?" என்று கேட்டாள். மிதக்குது என்றேன். உன் கடிதத்தை என் வார்த்தையில் முதலிலிருந்து கடைசிவரை அவளுக்குச் சொன்னேன். ஐந்து அடுக்கில் ஒரு குமிழி இல்லை என்றதும், அத்தானை அனுப்பி வைக்கிறாயா என்றாள். பிறகு, அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் பட்டறைக்கு வரச் சொன்னாள். தேய்க்கிற வேலைதான். மீதி நாளில் தட்டு இருக்கிறது. அம்மாவிடம் இரண்டையும் சொல், அவள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

அத்தான் கண்ணைத் திறந்துவிட்டாரா? அவருக்கும் உனக்கும் நான் பட்டிருக்கிற நன்றிக்கு ஆயுசு போதாது.

எஞ்சினைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. இங்கே எஞ்சின் பார்க்கிறவர் திங்கட்கிழமைதான் வருவார், கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை துடுப்புப் போடு.

அன்புத் தம்பி